தலைவலியும் கழுத்தறுப்பும்

என்னுடைய தலைவலிக்குக் காரணம் ஒரு ஹம்ப். பெங்களூரில் வேகத்தடையை யாரும் வேகத்தடை என்று சொல்வதில்லை, ஹம்ப் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு வைட்ஃபீல்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ஆபீஸ் வண்டியில், கடைசி சீட்டில், ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் இல்லாத ஹம்ப் ஒன்று சாயங்காலத்துக்குள் முளைத்திருந்தது. வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. வண்டி எகிறியது, நானும் எகிறினேன். உடம்பு ஒழுங்காக சீட்டுக்குத் திரும்பிவிட்டது. தலை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"லைட்டா ஜம்ப் ஆயிடுச்சு மேடம்," என்றார் டிரைவர். லைட்டாவாம்! முன்னால் உட்கார்ந்திருந்தவரின் டிபன் பாக்ஸ் என் மடியில் கிடந்தது.

மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பினேன். சுளுக்கு என்று தைலம் தேய்த்தேன், நாலு நாளில் ஓரளவு சரியானது, அந்த ஹம்பையும் டிரைவரையும் சேர்த்து மறந்தே போனேன். இரண்டு வாரம் கழித்துத் தலைவலி வந்தது. வலது பக்கப் பிடரியில் ஆரம்பித்து, காதுக்குப் பின்னால் ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் வந்து சம்மணம் போட்டு உட்காரும். உட்கார்ந்தது எட்டு மாதம் எழுந்திருக்கவில்லை.

நான் ஆரணிக்காரி. பெங்களூருக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. விவேக் நகரில் ஒரு மாடி வீட்டில் நான், கணவர், ஆறு வயதுப் பெண். ஆபீஸில் எனக்கு டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேர் எங்கே உடைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பது எனக்குப் பிறவிக் குணம், அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் விடுவேனா? திரையில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்றால் தப்பு பட்டனில் இருக்காது, எங்கேயோ பின்னால் இருக்கும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அப்பேர்ப்பட்ட புத்திசாலி, தலை வலிக்கிறது என்றதும் எட்டு மாதம் தலைக்கே வைத்தியம் பார்த்தேன்.

கண் டாக்டரிடம் போனேன், கண்ணாடி கொடுத்தார். காது மூக்கு டாக்டரிடம் போனேன், சைனஸாக இருக்கலாம் என்று ஆவி பிடிக்கச் சொன்னார். வயிற்று டாக்டர் காலையில் சாப்பிடாமல் இருப்பதால் வருகிறது என்றார். யாரிடம் போகிறோமோ அவருடைய பாகத்தில்தான் நோய் இருக்கிறது. பல் டாக்டரிடம் போகாதது என் பற்கள் செய்த புண்ணியம். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஹம்பைப் பற்றி அவர்கள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தலைவலிக்காரி போய் வேகத்தடையைப் பற்றி எதற்குப் பேசப்போகிறாள்?

கடைசியில் மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல் என்று வந்தது. அந்த வார்த்தை என்னை அவமானப்படுத்திய மாதிரி வேறு எந்த வார்த்தையும் அவமானப்படுத்தியதில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் கணவர், "நார்மல்னு வந்திருக்கே, சந்தோஷப்படேன்," என்றார்.

"சந்தோஷப்பட முடியாம தலை வலிக்குது," என்றேன்.

அன்றிலிருந்து அவர் என்னைப் பார்க்கும் பார்வையே கொஞ்சம் மாறிவிட்டது. வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டார், பாவம். ஆனால் நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம், அவர் கண் ஒரு தடவை ஸ்கேன் கவர் இருக்கும் அலமாரிக்குப் போய்விட்டு வரும். ஆபீஸில் இன்னும் மோசம். கை உடைந்தால் கட்டு தெரியும், காய்ச்சல் வந்தால் தொட்டுப் பார்க்கலாம். தலைவலிக்கு என்ன சாட்சி இருக்கிறது? "மறுபடியும் தலைவலியா?" என்று மேனேஜர் கேட்கும்போது அந்த 'மறுபடியும்' கொஞ்சம் நீளும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஹம்ப் கிடைக்கட்டும் என்று மனசாரச் சபித்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் சொந்தக்கார வைத்தியம் வேறு. பக்கத்துப் பேட்டையான அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார் என் மாமனாரின் தம்பி. அவர் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் காலால் நீவிவிட்டால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், "கழுத்துல சுளுக்குன்னு முன்ன சொன்னியேம்மா, மிச்சம் மீதி இருக்கப்போவுது, குப்புறப் படு," என்றார். நியாயமாகப் பார்த்தால் எட்டு மாதத்தில் கழுத்தைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவர்தான், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேத்தில் நின்று நின்று வெடித்துப்போன அந்தப் பாதத்தைப் பார்த்தபோது எனக்கு நன்றியுணர்ச்சி ஒன்றும் வரவில்லை. பெரியவர் காலை நாம் தொட்டுக் கும்பிட்டுத்தான் பழக்கம். பெரியவர் கால் வந்து நம்மைத் தொட்டால் எப்படி மரியாதை காட்டுவது? மூன்று முறை கட்டைவிரலால் நீவிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். வலி போகவில்லை. நான் மட்டும் இரண்டு முறை தலைக்குக் குளித்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா தன் பங்குக்கு, தலைவலிக்குத் தலை என்று சர்ச் வாசல் கடையில் மெழுகுத் தலை ஒன்று வாங்கி எனக்காக வேண்டிக்கொண்டு வைத்துவிட்டு வந்தார். அவர் இந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் நடுவை முடித்து, இங்கிலீஷில் இறங்குவார். என்னுடைய ஐந்து வருஷக் கன்னடமோ மொத்தம் இரண்டு வார்த்தை: 'கன்னட கொத்தில்ல'. கன்னடம் தெரியாது என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, காய்கறிக்காரரிடம்கூட ஏதோ சாதித்துவிட்ட மாதிரி நிற்பேன். "இன்னும் எத்தனை வருஷம்மா கொத்தில்லன்னே சொல்லிக்கினு இருப்பே?" என்று அக்கா கேலி செய்வார்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சிரிக்க முடியாத ஒன்று என் பெண்.

எனக்கு இயல்பாகவே கோபம் மூக்குக்கு மேலே. தலைவலி வந்தபின் மூக்குக்குக் கீழே இறங்காமல் அங்கேயே குடியிருந்தது. குக்கர் விசில் அடித்தால் ஆகாது, கரண்டி கீழே விழுந்தால் ஆகாது. எத்தனை தடவை அந்தக் குழந்தையிடம் எரிந்து விழுந்தேன் என்று கணக்கில்லை. அவள் திருப்பி அழவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை. மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். கீழ்வீட்டுப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால் மாடிப்படியில் நின்று, "எங்கம்மாவுக்குத் தலவலி, மெதுவா பேசுங்க," என்பாள். ஒரு நாள் ஹாலுக்கு வந்தபோது பார்த்தேன். டிவியைச் சத்தமே இல்லாமல் வைத்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தபோது வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த மாதமே பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் அவளைப் பாராட்டித் தள்ளினார். "வெரி குட் சைல்ட். இருக்கற இடமே தெரியாது. குரலே வராது." அம்மாவான எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும். எனக்கோ வேறொரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வருஷம் முன்னால் இவள் கல்யாண மண்டபத்தில் போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அந்தக் குரல் எங்கே போயிற்று? நான்தான் அதை விழுங்கிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். என் கணவர் "இதுக்கு ஏன் அழற, நல்லாத்தானே சொன்னாங்க?" என்றார். அவரையும் திட்டினேன்.

அன்று சாயங்காலம் படியில் அக்காவைப் பார்த்தபோது என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "நீ ஏம்மா எப்பவும் பிடரியிலயே கைய வச்சிக்கினு இருக்கே?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். தலைவலி, தலைவலி என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கை எட்டு மாதமாகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அக்காவுக்குத் தோள் பிடித்துக்கொண்டபோது சரிசெய்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அடுகோடியில் இருந்தார். பேக்கரிக்கு மேலே மாடியில் சின்ன கிளினிக். மண்டியா பக்கத்துப் பெண், என்னைவிட வயதில் சின்னவர், கை மட்டும் கருங்கல். அக்காவே மொழிபெயர்க்க உடன் வந்தார். அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும், ஆனால் கை வேலை செய்ய ஆரம்பித்தால் வாய் தானாகக் கன்னடத்துக்குப் போய்விடும்.

என்னைப் படுக்கவைத்து, தாடை நெஞ்சில் படும்படி தலையை முன்னால் மடக்கி, அப்படியே இடது பக்கம் திருப்பினார். திரும்பியது. வலது பக்கம் திருப்பினார். பாதியிலேயே துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி நின்றுவிட்டது. "எப்பவாவது அடி பட்டுச்சா, வண்டி ஏதாவது குலுங்குச்சா?" என்று அக்கா வழியாகக் கேட்டார். ஹம்ப், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே மண்டையோட்டுக்குக் கீழே, கழுத்தின் வலது ஓரத்தில் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

வலது கண்ணுக்குப் பின்னால் சம்மணம் போட்டிருந்தது எழுந்து நின்றது. அதே வலி, அதே இடம், அச்சு அசலாக.

"இதுதானே?" என்றார் தமிழிலேயே.

"இதுதான்! இதேதான்!" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வலியால் இல்லை. என் வலி எங்கே இருக்கிறது என்று இன்னொருவர் விரலுக்குத் தெரிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில். எட்டு மாதத்தில் முதல்முறையாக எனக்கு ஒரு சாட்சி கிடைத்தது. என் கணவரை அங்கேயே வரவழைத்து, அந்த இடத்தில் நிற்கவைத்து, பார்த்துக்கொள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அக்கா மொழிபெயர்த்தார். "கழுத்து மேல்மூட்டுல பிரச்சனையாம். வலி அங்கேருந்து ஏறித் தலைக்கு வருதாம். பக்கத்து வூட்டு ஒயர்ல ஃபால்ட்டு இருந்தா நம்ம வூட்டு லைட்டு விட்டுவிட்டு எரியும்ல, அது மாதிரி. அய்யோ, நான் வேற தலைய வாங்கி வச்சிட்டேன். வேண்டுதல் தப்பான அட்ரஸுக்குப் போயிடுச்சேம்மா!" மறுநாள் அந்தக் கடையில் போய் விசாரித்தாராம். கை இருக்கிறது, கால் இருக்கிறது, இதயம்கூட இருக்கிறது, கழுத்து மட்டும் தனியாகச் செய்வதில்லையாம். உலகத்தில் கழுத்தைக் கண்டுகொள்கிறவர் யாருமே இல்லை.

எலும்பு டாக்டர் ஒருவரிடமும் அனுப்பி உறுதிசெய்துகொண்டார்கள். நான் தினமும் விழுங்கிக்கொண்டிருந்த வலி மாத்திரைகளே புதிதாகத் தலைவலியைக் கிளப்பும் என்று சொல்லி அவர் இரண்டு வாரத்தில் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. என் கணவர் வேண்டுமானால் சொல்லட்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோதுதான் என் மானம் போனது. அக்கா என்னை மேலே அனுப்பிவிட்டு, கீழே பேக்கரியில் பன் வாங்க நின்றுவிட்டார். பிசியோ என் தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, இதமான குரலில், "பிடி," என்றார். எதைப் பிடிப்பது? கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். "பிடி மேடம், பிடி," என்றார் மறுபடியும். இன்னும் இறுக்கமாகப் பிடித்தேன். "டைட் மாட்பேடி, பிடி!" என்றார் கொஞ்சம் பதற்றமாக. வலுவைச் சோதிக்கிறார் போலிருக்கிறது, ஆரணிக்காரியா கொக்கா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். என் கழுத்து உலக்கை மாதிரி நின்றது. பாவம், அந்தப் பெண்ணின் நெற்றியில் வியர்வை. கடைசியில் பொறுமை இழந்து, என் கழுத்தைத் தட்டி, "கத்து! மேடம், கத்து பிடி! கத்து!" என்றார்.

எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. இதுதான் வைத்தியம். பிடித்துக்கொண்டு கத்த வேண்டும். கத்தினால் உள்ளே இருக்கிற இறுக்கம் எல்லாம் வெளியே வந்துவிடும். கைபேசியில் இப்படி ஏதோ சிகிச்சையைப் பற்றிப் படித்தும் இருக்கிறேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் படித்த பெண் சொல்கிறாள், எட்டு மாதமாக வீட்டில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறோம், நமக்கும் ஒரு வாய்ப்பு வேண்டாமா? கட்டிலைக் கெட்டியாகப் பிடித்து, மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து, "ஆஆஆஆஆ!" என்று கத்தினேன்.

பிசியோ என் தலையைப் பொத்தென்று விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கீழே பேக்கரியில் ஒரு தட்டு விழுந்த சத்தம் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் முழங்காலுக்கு மின்சாரம் வைத்துக்கொண்டு படுத்திருந்த பெரியவர், ஒயரோடு எழுந்து உட்கார்ந்து, "ஏனாய்து? ஏனாய்து?" என்றார். அக்கா பன்னும் கையுமாகப் படியேறி ஓடிவந்தார்.

"என்னம்மா பண்ணிட்டாங்க உன்னை?"

"ஒண்ணும் பண்ணலக்கா. கத்தச் சொன்னாங்க, கத்தினேன்."

அக்கா கன்னடத்தில் விசாரித்தார். பிசியோ கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அக்காவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. பன்னை மேஜைமேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் ஐந்து நிமிஷம் நிறுத்தவில்லை.

"கத்துன்னா கன்னடத்துல கழுத்தும்மா! கழுத்து! பிடின்னா விடுன்னு அர்த்தம். கழுத்தை லூஸா விடு, விடுன்னு அந்தப் பொண்ணு கரடியா சொல்றா, நீ கெட்டியா பிடிச்சிக்கினு கத்துறியே!"

விடு என்றால் பிடி, கழுத்து என்றால் கத்து. அஞ்சு வருஷமாகக் கொத்தில்ல கொத்தில்ல என்று சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு எனக்கு நன்றாக வேண்டும். என்னாலும் அடக்க முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். பிசியோவும் சிரித்தார், திரைக்குப் பின்னால் பெரியவரும் ஒயரோடு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பெண் சத்தமில்லாமல் வந்து என் தலையைக் கையில் ஏந்தி வலது பக்கம் திருப்பினார். போன முறை நின்ற இடத்தைத் தாண்டி அது கொஞ்சம் போயிற்று. "ஈக லூஸ் ஆய்து," என்றார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வாரம் இரண்டு முறை போனேன். வீட்டுக்குப் பாடமும் உண்டு. முக்கியமானது, தாடையை நேர்பின்னால் உள்ளிழுத்து இரட்டைத் தாடை வரவழைத்துப் பத்து எண்ணும் வரை நிறுத்துவது. மணிக்கொரு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து தடவை செய்ய வேண்டும். யாராவது துர்நாற்றம் அடிக்கிற ஒன்றை மூக்குக்கு நேரே நீட்டினால் நம் முகம் எப்படிப் பின்வாங்கும், அந்த முகம். ஒரு நாள் வீடியோ மீட்டிங்கில் வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு மணி ஆகிவிட்டது, செய்ய ஆரம்பித்தேன். அவர் ஒரு தேதியைச் சொன்னார், என் தாடை உள்ளே போயிற்று. வேறொரு தேதி சொன்னார், மறுபடியும் போயிற்று. நாலாவது தடவையில் அவரே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எங்களுக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மேனேஜர் என் கழுத்து எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரிக்கிறார். 'மறுபடியும்' நீளுவதில்லை.

வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் எட்டிப் பார்க்கும். ஆனால் குக்கர் விசில் அடித்தால் இப்போது எத்தனையாவது விசில் என்றுதான் யோசிக்கிறேன். வீடு பழையபடி ஆகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் மட்டும் இன்னும் மெதுவாகத்தான் பேசினாள். வளர்கிறாள், அடக்கம் வந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா கதவைத் தட்டினார். அவருடைய நாத்தனார் ஒட்டாத பாத்திரங்கள் விற்கிறாராம், அக்கா வீட்டில் எண்ணெயே இல்லாமல் தோசை சுட்டுக் காட்டப்போகிறாராம், தெருப் பெண்கள் எல்லாரும் வருகிறார்களாம், நானும் வர வேண்டும். அந்த நாத்தனாரை எனக்குத் தெரியும். சரியான கழுத்தறுப்பு. ஒரு மூடியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயோ அக்கா, இன்னிக்குப் பாத்துத் தலைவலி," என்றேன்.

"ஹௌதா? அப்படியா? பாவம், படு படு," என்று அக்கா போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வெற்றியோடு திரும்பினேன்.

டிவி அணைந்திருந்தது. என் பெண் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள், வளையம் கம்பியில் உரசாதபடி ஒவ்வொன்றாக, விரலால் பிடித்துப் பிடித்து. முடித்துவிட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் பையை எடுத்துத் துண்டில் சுற்றி சோபாமேல் வைத்தாள். தன் கலர் பென்சில்களை அள்ளிக்கொண்டு நுனிக்காலில் அறைக்குப் போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அறைக்குள் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, அம்மாவுக்குத் தலவலி இல்லடா. சும்மா சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பொய்யா?"

"ஆமா. அந்த ஆன்ட்டி வீட்டுக்குப் போகப் பிடிக்கல. அதான்."

பென்சிலைக் கீழே வைத்தாள். அப்புறம் அதே மெல்லிய குரலில் கேட்டாள். "அப்போ அன்னிக்கெல்லாமும் பொய்யா?"

எத்தனை டாக்டர்களிடம், மேனேஜரிடம், கட்டின புருஷனிடம் என்னை நம்புங்கள் என்று எட்டு மாதம் மன்றாடியிருக்கிறேன். ஸ்கேனும் கேட்காமல், சாட்சியும் கேட்காமல், ஒவ்வொரு தடவையும் என்னை நம்பியவள் இவள் ஒருத்திதான். அவளிடம் போய் நான் இதைச் செய்திருக்கிறேன். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"இல்லடா செல்லம். அன்னிக்கெல்லாம் நெசமாவே வலிச்சுது. சாமி சத்தியமா. இன்னிக்கு மட்டும்தான் பொய்."

"ஆன்ட்டிகிட்ட பொய் சொல்லிட்டியே?"

"சொல்லிட்டேன்."

"அப்போ போய் சாரி சொல்லு."

அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவுக்கு இழுத்துப்போனாள். கதவு திறந்ததும், அக்கா முன்னால், நாத்தனார் முன்னால், தோசைக்கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பெண்கள் முன்னால், "எங்கம்மாவுக்குத் தலவலி இல்ல ஆன்ட்டி, வரப் பிடிக்கலன்னு பொய் சொன்னாங்க," என்றாள். தாடையைப் பின்னால் இழுப்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அக்கா இடுப்பில் கையை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உள்ள வா. முன்னால வந்து உக்காரு," என்றார். நாத்தனாருக்கு நேர் எதிரே உட்காரவைத்தார். மூடியிலிருந்து ஆரம்பித்தார் அந்த அம்மாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம், கதவை அடிக்கிற சத்தம், அதற்கெல்லாம் மேலே ஒரே ஒரு குரல். யாரோ ஏமாற்றி ஆடிவிட்டார்கள் போலிருக்கிறது. "அவுட்டூ! நீ அவுட்டூ! பொய் சொல்லாத!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒருத்தி போட்ட கூச்சலில், நாத்தனார் கரண்டியோடு பேச்சை நிறுத்தினார்.

"அம்மாடி, யார் பெத்த பொண்ணு இது? காது ஜவ்வு கிழியுது," என்றார்.

"என் பொண்ணுங்க," என்றேன். கண் கலங்கியதற்குப் பழியைத் தோசைப் புகைமேல் போட்டேன். எண்ணெயில்லாத தோசையில் புகையே வராது என்று அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.